கால் சுற்று சரித்திரம்

பம்பாயின் சரித்திரத்தை எழுதியவர்கள் பருத்தி, கப்பல், மில், சினிமா, தாதா என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஃபியட் கார்புரேட்டரின் ஓரத்தில் இருந்த ஒரு குட்டி ஸ்க்ரூவை மட்டும் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அரை விரல் நீளம்கூடத் தேறாது. ஆனால் பல வருஷ காலம் இந்த ஊர் டாக்ஸிகள் ஓடியதும், சிக்னலில் நின்று இருமியதும், பாலம் ஏறும்போது மூச்சு வாங்கியதும் அந்த ஸ்க்ரூவை யாரோ ஒருவர் எந்தப் பக்கம் கால் சுற்று திருப்பினார் என்பதைப் பொறுத்துத்தான். ராஜாக்களின் கதையை எத்தனை நாள்தான் படிப்பது? கொஞ்சம் ஸ்க்ரூவின் கதையையும் பார்ப்போம்.

கதை வால்சந்த் ஹீராசந்திடம் தொடங்குகிறது. கப்பல் கட்ட விசாகப்பட்டினம், விமானம் கட்ட பெங்களூர் என்று அலைந்த அந்த மனிதர் 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸைத் தொடங்கினார். கார் செய்யக் கிடைத்த இடம் குர்லா. முதலில் டாட்ஜ், பிளிமத் என்று அமெரிக்கச் சரக்கு. 1950-களில் இத்தாலி ஃபியட். 1964-ல் வந்தது ஃபியட் 1100 டிலைட். இத்தாலிக்காரர்கள் இரண்டே வருஷத்தில் அந்த மாடலைத் தலைமுழுகிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். குர்லாவில் யாருக்கும் அப்படியொரு அவசரம் இல்லை. வண்டியை மாற்றுவானேன், பட்டத்தை மாற்றினால் போதாதா? 1972-ல் ‘பிரீமியர் பிரெசிடென்ட்’ ஆயிற்று. ஜனாதிபதி பதவி இரண்டு வருஷம்தான். 1974-ல் ‘பிரீமியர் பத்மினி’ என்று ராணியாக்கிவிட்டார்கள். உள்ளே அதே 1089 சிசி எஞ்சின், சுமார் 40 குதிரை. அந்தக் குதிரைகளும் எல்லா நாளும் வேலைக்கு வரும் என்று சொல்வதற்கில்லை. லைசன்ஸ் ராஜ்யத்தில் இதற்கே வரிசை. புக் பண்ணியபோது பிறந்த பிள்ளை, டெலிவரி எடுக்கிற அன்று அப்பாவோடு நடந்தே ஷோரூமுக்கு வந்துவிடும்.

எஞ்சினின் கணக்கு எளிது. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சம் மீதி இல்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றைக் கிலோவில் சொன்னால் நமக்கு உறைக்காது. லிட்டரில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. செம்பூர், மாஹுல் பக்கம் இரண்டு ரிஃபைனரியும் ஓர் உரத் தொழிற்சாலையும் இருப்பதால் அங்கே காற்றிலேயே கொஞ்சம் சரக்கு கலந்திருக்கும். அது தனிக் கணக்கு. வண்டி நன்றாக இழுக்க வேண்டுமானால் காற்றைப் பன்னிரண்டரை, பதின்மூன்று கிலோவுக்குக் குறைக்க வேண்டும். மைலேஜ் வேண்டுமானால் பதினைந்து, பதினாறுக்கு ஏற்ற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று கேட்பவருக்கு வண்டிக்காரர் என்று பெயர்.

பெட்ரோல் காசு, காற்று இலவசம். டாக்ஸி டிரைவருக்கு இதற்கு மேல் பொருளாதாரம் தெரிய வேண்டியதில்லை. ஆகவே அவர் கார்புரேட்டரை லீனாக, அதாவது காற்று கூடவும் பெட்ரோல் குறையவுமாக, வைக்கச் சொல்வார். சில பேர் ஸ்க்ரூவோடு நிறுத்தாமல் மெயின் ஜெட்டையே சின்னதாக மாற்றுவார்கள். இன்னும் சில பேர் ரேஷன் மண்ணெண்ணெயையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். மானியச் சரக்கு என்று அடையாளம் தெரிய அரசாங்கம் அதற்கு நீலச் சாயம் போட்டது. எஞ்சினுக்கு நிறக்குருடு. ஆனால் காது உண்டு. மண்ணெண்ணெய் உள்ளே போனதும் ‘டொக் டொக்’ என்று நாக்கிங் அடித்துத் தன் அதிருப்தியைத் தெரிவிக்கும். டிரைவர் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

இந்தக் குழப்பத்தில் நீதிபதியாக உட்கார்ந்திருந்தவர் மிஸ்திரி என்னும் மெக்கானிக். தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்துகளில், குர்லாவில், சயானில், ஒரு வண்டி நிற்கும் இடத்தில் மூன்று வண்டியை நிறுத்தி வேலை பார்த்தவர். அவர் பானெட்டைத் திறந்ததும் முதலில் பீடியை அணைப்பார். அணைக்காத மிஸ்திரிகளும் இருந்தார்கள். அவர்கள் சரித்திரத்தில் நீடிக்கவில்லை. எஞ்சின் சூடாகும் வரை காத்திருப்பார். ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, மிக்ஸர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகுவார். எஞ்சின் தடுமாறத் தொடங்கும். இப்போது வெளியே. சத்தம் ஏறும், ஏறும், ஒரு கட்டத்தில் கனத்துப்போய் ‘லொபக் லொபக்’ என்று தொங்கும். இந்த இரண்டு தடுமாற்றத்துக்கும் நடுவில் எஞ்சின் தாளம் தப்பாமல் ஓடுகிற ஓர் இடம் உண்டு. அது கால் சுற்றுக்குள் எங்கேயோ இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடிப்பார். பிறகு பின்னால் போய் சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டுவார். புகை சீராகக் கையில் மோதினால் சரி. விட்டு விட்டு மோதினால் மிஸ்ஸிங். சந்தேகம் தீராவிட்டால் பிளக்கைக் கழற்றுவார். நுனி கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பட்டினி, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கட்டணம் இருபது ரூபாய் கூடுதல்.

மாட்டுங்காவில் ஏதோ ஒரு ஆபீஸில் சீனியர் அக்கவுண்டண்டாக இருந்து, பிராவிடண்ட் ஃபண்டை உடைத்து பத்மினி வாங்கிய சார் ஒருவரும் திருநெல்வேலி மிஸ்திரியும் பேசினால் அது கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

“லிட்டருக்குப் பதினாலு கிடைக்கணும்ப்பா. போன மாசம் பதினொண்ணுதான் வந்துது. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.”

“வண்டி நல்லாத்தாம் சார் இருக்கு. நீங்கதாம் அதைப் பட்டினி போடுதிய.”

“கால் சுற்று உள்ளே திருகினா என்ன குறைஞ்சுபோகும்?”

“ஒண்ணுமில்ல. பதினாலு குடுக்கும். தாதர் பிரிட்ஜு ஏறயில மட்டும் நீங்க எறங்கித் தள்ளணும். மாமியும் தள்ளுவாவளா?”

சார் யோசிப்பார். உண்மையிலேயே யோசிப்பார்.

டாக்ஸிக்காரர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. வண்டி நடுரோட்டில் நின்றால் உத்தரப் பிரதேசத்து பையா முதல் உடுப்பிக்காரர் வரை எல்லோருக்கும் ஒரே நோய் முடிவுதான்: “கார்புரேட்டர் மே கச்ரா ஆ கயா.” கார்புரேட்டரில் குப்பை புகுந்துவிட்டதாம். சவாரியை உட்கார வைத்துவிட்டு, பானெட்டைத் தூக்கி, ஜெட்டைக் கழற்றி, வாயில் வைத்து ஊதிவிட்டு, கொஞ்சம் பெட்ரோலைத் துப்பிவிட்டு, மறுபடி மாட்டிக் கிளம்புவார். மொத்தம் ஐந்து நிமிஷம். மீட்டரும் ஐந்து நிமிஷம் ஓடியிருக்கும்.

1990-ல் சர்க்காருக்குப் புகை கண்ணில் பட்டது. மோட்டார் வாகன விதிகளின்படி, ஐட்லிங்கில் பெட்ரோல் காரின் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆயிற்று. பியூசி என்னும் சான்றிதழ் பிறந்தது. பெட்ரோல் பம்ப் ஓரத்தில் ஒரு வேன், உள்ளே ஒரு மெஷின், சைலன்சருக்குள் விட ஒரு குழாய். பம்பாய் மிஸ்திரி ஒரு நாள் யோசித்தார். மறுநாள் தீர்வு தயார். டெஸ்டுக்குப் போகும் முன் மிக்ஸர் ஸ்க்ரூ கால் சுற்று உள்ளே. மெஷின் திருப்தியடையும், சீட்டு கிடைக்கும். வேன் கண்ணில் இருந்து மறைந்ததும் கால் சுற்று வெளியே. சட்டமும் வாழ்ந்தது, பிக்கப்பும் வாழ்ந்தது.

இதே யோசனை ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனிக்கு உதிக்கக் கொஞ்சம் காலம் பிடித்தது. அவர்கள் ஸ்க்ரூ டிரைவருக்குப் பதில் சாஃப்ட்வேர் எழுதினார்கள். ஸ்டீயரிங் திரும்பாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் வண்டி டெஸ்டில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஊகித்துக்கொள்ளும். உடனே நல்ல பிள்ளையாகிவிடும். ரோட்டுக்கு வந்ததும் பழைய குணம். 2015 செப்டம்பரில் அமெரிக்கர்கள் பிடித்தபோது உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த வேலை நடந்திருந்தது. பத்திரிகைகள் இதைப் புதுமையான மோசடி என்று எழுதின. 90 அடி ரோட்டுச் சந்துகளை ஒரு நடை பார்த்திருந்தால் அந்தப் பெயரடையைப் போட்டிருக்க மாட்டார்கள்.

மிஸ்திரியின் ராஜ்யத்தில் முதல் அடி விழுந்தது கோர்ட்டில் இருந்து. ‘ஸ்மோக் அஃபெக்டட் ரெசிடெண்ட்ஸ் ஃபோரம்’ என்று ஓர் அமைப்பு 1999-ல் பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனது. புகையால் பாதிக்கப்பட்டவர்கள் என்றால் அன்றைக்கு ஊரில் இருந்த அத்தனை பேரும் உறுப்பினர் ஆகியிருக்கலாம். பழைய டாக்ஸிகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று கோர்ட் பிடித்துத் தள்ளியது. 1995-ல் தொடங்கிய மகாநகர் கேஸ் கம்பெனி வாசலில் மைல் நீளத்துக்குக் கறுப்பு மஞ்சள் வரிசை. டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்ததால் பெட்டி படுக்கை கூரை மேல் ஏறியது. மிஸ்திரி கவலைப்பட்டாரா? கிடையாது. கேஸ் கிட்டில் கார்புரேட்டர் வாயில் பொருத்த ஒரு வளையம் வந்தது. அதற்குப் போகும் குழாயில் ஒரு பவர் ஸ்க்ரூ வந்தது. பெட்ரோல் போனால் என்ன, ஸ்க்ரூ இருக்கிறதே! கிலோவுக்குப் பதினேழு கிலோ காற்று என்று கணக்கு மட்டும் மாறியது. கேஸில் பிளக் கறுக்காததால் ஜோசியம் பார்ப்பதுதான் கஷ்டமாயிற்று.

கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29-ல் பதிவானது. டாக்ஸிக்கு 20 வருஷம்தான் ஆயுள் என்பது சட்டம். 2023 அக்டோபர் 30-ல் ரோட்டை விட்டுப் போனது. பத்திரிகைகள் எல்லாம் கண்ணீர் மல்க எழுதின. மே மாதத்தில் மூன்று பேருக்கு நடுவே பின்சீட்டில் உட்கார்ந்து மத்தியானம் செம்பூரில் இருந்து ஃபோர்ட் போன எவரும் அந்தக் கட்டுரைகளை எழுதியிருக்க வாய்ப்பில்லை. குர்லாவில் பிரீமியர் ரோடு என்ற பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.

கோர்ட்டைச் சமாளித்த மிஸ்திரியைச் சாய்த்தது கம்ப்யூட்டர். 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களிலும் ஈயமில்லாத பெட்ரோலும், புதுக் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வந்தன. அந்தக் கன்வெர்ட்டர் ஒரு மடிசஞ்சி. 14.7-ஐ விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தால் வேலை செய்யாது. காதால் கேட்டு அந்த அளவுக்கு யாராலும் ட்யூன் பண்ண முடியாது. பாஷ் கம்பெனி 1976-லேயே இதற்கு லாம்ப்டா சென்சார் என்று ஒன்றைச் செய்து வால்வோ காரில் மாட்டியிருந்தது. சைலன்சர் குழாய்க்குள் மூக்கை நீட்டிக்கொண்டு இருக்கும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சவில்லை என்றால் முக்கால் வோல்ட்டுக்கு மேல் காட்டும், மிஞ்சியிருந்தால் கால் வோல்ட்டுக்குக் கீழே. ‘கூட’, ‘குறைய’ என்ற இரண்டே வார்த்தைதான் அதற்குத் தெரியும். அது ‘கூட’ என்றால் கம்ப்யூட்டர் குறைக்கும், ‘குறைய’ என்றால் கூட்டும். இந்தத் தகராறு நாள் முழுக்க நடக்கும். போதாததற்கு எஞ்சின் உடம்பில் இன்னொரு சென்சார், நாக்கிங் சத்தத்தை ஒட்டுக் கேட்க. ஆக மிஸ்திரியின் காதும் மூக்கும் வண்டிக்குள் போய்விட்டன. மிச்சம் இருந்த மனிதர் பானெட்டைத் திறந்து பார்த்தார். கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதையும் கழற்றினார். “ஸ்க்ரூ எங்கல?” என்று கேட்டார். பதில் சொல்ல யாரும் இல்லை. லேப்டாப்போடு ஒரு பையன் வந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகினான்.

இந்த நிலைமையில்தான் டர்போ வந்து சேர்ந்தது. அதன் சரித்திரமும் அப்படியொன்றும் கௌரவமானதில்லை. வீணாகப் போகும் புகையைக் கொண்டு ஒரு காற்றாடியைச் சுற்றி, அந்தக் காற்றாடியைக் கொண்டு எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூஹி 1905-ல் காப்புரிமை வாங்கினார். சாதா எஞ்சின் தானாக உறிஞ்சுகிற காற்றை உறிஞ்சிக்கொள்ளும். டர்போ, கல்யாணப் பந்தியில் வேண்டாம் வேண்டாம் என்று இலையை மூடினாலும் கையை விலக்கிவிட்டு ஜாங்கிரியை வைக்கிற மாமா. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், குதிரையையும் கூட்டலாம். கூடவே சூடும் கூடும், நாக்கிங்கும் கூடும்.

1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் விற்றார்கள். நாக்கிங்கை அடக்க, வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’. நம்மூர் லேகியக் கடைக்காரர்கூட இந்த அளவுக்குத் துணிய மாட்டார். தீர்ந்தால் நிரப்ப வேண்டும் என்பதை வாங்கியவர்கள் மறந்தே போனார்கள். வண்டி இழுக்கவில்லை என்று திரும்பி வந்தார்கள். கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதா கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது.

1980-களில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒன்றரை லிட்டர் பிஎம்டபிள்யூ டர்போ எஞ்சினில் ஆயிரம் குதிரைக்கு மேல் கறந்தார்கள். பழைய ரோட்டுக் கார் எஞ்சின் பிளாக்குகளை வெயிலிலும் மழையிலும் போட்டுப் பதப்படுத்தியதாகவும், பதம் பத்தாது என்று மெக்கானிக்குகள் அவற்றின் மேலேயே ஒண்ணுக்குப் போனதாகவும் ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, 1983-ல் நெல்சன் பிக்கே அந்த எஞ்சினோடு உலக சாம்பியன் ஆனார். டர்போவில் முதல் சாம்பியன். அவர் வண்டியில் பெட்ரோலை அளந்து ஊற்றியது கம்ப்யூட்டர். அதே வருஷம் குர்லாவில் பத்மினி தயாராகிக்கொண்டிருந்தது. சயானில் ஒருவர் ஜெட்டை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

2004-ல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 150 குதிரை பெட்ரோல் டர்போவோடு இந்தியாவுக்கு வந்தது. இந்தக் கதைக்குச் சுவை சேர்ப்பது ஃபியட்தான். குர்லாவில் நாற்பது குதிரையோடு காலம் தள்ளிய அதே இத்தாலிக் கம்பெனி, புனே பக்கம் ரஞ்சன்காவில் இருந்து 2010-ல் லீனியா டி-ஜெட் விட்டது. 2015-ல் புண்டோ அபார்த். 1368 சிசி, 145 குதிரை. பத்மினியை விட 279 சிசிதான் கூட. குதிரை மூன்றரை மடங்குக்கு மேல். இதே ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சினை 2007-ல் மாருதி ஸ்விஃப்ட்டில் போட, பிறகு ஆளாளுக்குப் போட, ‘தேசிய எஞ்சின்’ என்றே பட்டம் வந்தது. அதற்கு ட்யூனிங் பாக்ஸ் என்று ஒன்று விற்றார்கள். எரிபொருள் குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்வதுதான் அதன் முழு நேர உத்தியோகம். கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டு டீசலை மேலும் அழுத்தும். பின்னால் வரும் ஸ்கூட்டர்காரர் முகம் கறுக்கும்.

பெட்ரோல் டர்போவில் இப்படிப் பொய் சொல்லிப் பிழைக்க முடியாது. காரணம், மாட்டுங்கா சாரின் நோட்டுப் புத்தகத்துக்கு நேர் எதிரான ஒரு கணக்கு அங்கே ஓடுகிறது. டர்போ முழு மூச்சில் தள்ளும்போது 14.7 வைத்தால் சூடு தாங்காது. கம்ப்யூட்டர் பதினொன்றரை, பன்னிரண்டுக்கு இறங்கும். எரிவதற்கு வேண்டியதை விடக் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றும். அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகி உள்ளறையைக் குளிர வைக்கும். எஞ்சினைப் பெட்ரோலில் குளிப்பாட்டுகிறார்கள் என்று தெரிந்திருந்தால் சார் வண்டியை விற்றுவிட்டு பஸ்ஸைப் பார்த்திருப்பார். இதில் கஞ்சத்தனம் காட்டி லீனாக்கினால் மைலேஜ் கொஞ்சம் வரும், பிறகு பிஸ்டனில் ஓட்டை வரும்.

இன்றைக்கு ஸ்க்ரூ என்பது லேப்டாப் திரையில் ஒரு கட்டம் போட்ட அட்டவணை. குறுக்கே ஆர்பிஎம், நெடுக்கே பளு. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். 6000 ஆர்பிஎம்மில் ஒரு இன்ஜெக்டர் நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது அந்த எண்களில் இருந்து வருகிறது. ட்யூனர் பையன் சைலன்சரில் நல்ல ரகமாக இன்னொரு லாம்ப்டா சென்சாரை மாட்டுவான். இது ‘கூட’, ‘குறைய’ என்பதோடு நிற்காமல் எவ்வளவு என்றும் சொல்லும். வண்டியை உருளை மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்து, 14.7-ஐ ஒன்று என்று வைத்துக்கொண்டால் 0.82 என்று இருப்பதை 0.80 ஆக்குவான், டர்போ அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவான், இக்னிஷனைக் கால் டிகிரி, அரை டிகிரி என்று நகர்த்துவான், நாக் சென்சார் முணுமுணுத்தால் திரும்ப இழுத்துக்கொள்வான். செம்பூரில் இருந்து ஃபோர்ட் பக்கம் நீளும் ஈஸ்டர்ன் ஃப்ரீவே இதைச் சோதிக்க வசதியான ரோடு என்று வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். போலீஸும் அப்படியே நினைப்பதுதான் சங்கடம்.

இவ்வளவும் முடிந்த பிறகு அந்த வண்டியும் பியூசிக்குப் போக வேண்டும். இங்கே ஒரு விஷயம். ட்யூனர் தொட்டதெல்லாம் அட்டவணையின் கீழ்க்கோடியில், டர்போ தள்ளுகிற கட்டங்களை மட்டும். ஐட்லிங் கட்டங்கள் கம்பெனி கொடுத்தபடி அப்படியே இருக்கின்றன. பியூசி மெஷின் பார்ப்பதோ வண்டி நின்ற இடத்தில், கியர் போடாமல், பளு ஏற்றாமல். சைலன்சருக்குள் குழாயை விடுகிறார்கள், எல்லாம் சுத்தம் என்று சீட்டு வருகிறது. போகும்போது எதையும் உள்ளே திருக வேண்டாம், வந்த பிறகு வெளியே திருகவும் வேண்டாம். பழைய மிஸ்திரிகளுக்கு இந்த வசதி இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு தடவையும் கால் சுற்றுக்குத் தனியாகக் காசு வாங்க வேண்டியிருந்தது.